இரண்டு காவல்

என் மனைவி அருந்ததி தாலிக்கொடியைக் கழற்றி அலுமாரியில் வைத்த நாளில் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நான் இன்னும் சாகேல்லை, தெரியுமோ?" என்று மட்டும் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் கழுத்திலும் கையிலும் ஒன்றும் போடுவதில்லை, அதுதான் எங்கட சபை வழக்கம் என்றாள். அந்த 'எங்கட'வுக்குள் நான் இல்லை என்பது எனக்கு விளங்கியது. உள்ளுக்குள் கொதித்தது. அடக்கிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காய்ந்து, தொண்ணூற்றாறில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நிலாமின் பலசரக்குக் கடைக்கு மேல் இரண்டு அறை. எங்களுக்கு ஒரே பிள்ளை, குகதாசன். வந்த முதல் மாதமே அவனைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். கொட்டாஞ்சேனைச் சபையொன்றின் பெண்கள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, அருந்ததியோடு இருந்து விடியும்வரை ஜெபம் பண்ணினார்கள். காலையில் பெடியன் வந்துவிட்டான். அன்றிலிருந்து அவள் அந்தச் சபைக்காரி.

அரைகுறையாக ஒன்றைச் செய்வது அவள் குணமில்லை. நயினாதீவு அம்மன் படம் போனது. விபூதி மடல் போனது. பெடியனுடைய சாதகத்தைக் குசினியில் வைத்து எரித்தாள். அது எரிந்தபோது சாமியில் அக்கறையில்லாத எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வயதில் அவனுக்கு ஒரு கண்டம் என்று அதில் சாத்திரி எழுதியிருந்தார். சாதகம்தான் எரிந்தது. சாத்திரி எழுதியது அவளுடைய மண்டைக்குள் அப்படியே இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. இது நடந்த வருடம் பங்குனியில்தான் பெடியனுக்கு இருபத்திரண்டு வயது தொடங்கியிருந்தது.

சபைக்கு அவளைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போய்ப் பின்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். பாஸ்டர் கிளெமென்ற் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். ஒரு ஞாயிறு நூல், தகடு, மை, குறி, சாத்திரம் எல்லாவற்றையும் பிடித்து உலுப்பிவிட்டார். இதெல்லாம் ஆண்டவருக்கு அருவருப்பு என்றார். பரிசுத்தம் என்றால் வெள்ளை உடுப்பில்லை, மனசில் பாதியை வேறு யாருக்கோ ஒளித்து வைக்காமல் இருப்பதுதான் என்றார். வேதத்தில் வரும் ஒரு ராஜாவின் கதையும் சொன்னார். குறி சொல்கிறவர்களையெல்லாம் நாட்டைவிட்டுத் துரத்தினவன் அவன். கடைசியில் யுத்தம் வந்து பயம் பிடித்தபோது, உடுப்பை மாற்றிக்கொண்டு, மிஞ்சியிருந்த ஒரு குறிகாரியிடம் தானே களவாகப் போனானாம். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவள் அருந்ததி.

சபைப் பெடியன்களுக்குப் பாஸ்டர் ஆளுக்கொரு கடிதம் கொடுத்திருந்தார். சிங்களத்திலும் இங்கிலிஷிலும் இருக்கும். இந்த இளைஞனை நான் அறிவேன், இவன் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவன், எந்த இயக்கத்தோடும் தொடர்பில்லை என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்திருப்பார். தாயோடு சபையில் சேர்ந்துவிட்ட குகதாசன் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். போகவும் வரவும் சோதனைச்சாவடிகள். அடையாள அட்டையோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்திருப்பான். இரண்டு மூன்று தடவை கடிதம் உண்மையாகவே உதவியிருக்கிறது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெடியன் வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரம்தான் இருக்கும், நிலாம் கீழேயிருந்து படியில் ஓடி வந்தான். அவனுடைய கடையில்தான் டெலிபோன்.

"ஐயா, ஒங்கட புள்ளய செக் பொயின்ட்ல புடிச்சிட்டானுகளாம். பஸ்ல கூடப் போன பொடியன் கோல் எடுத்துச் சொன்னான். ஸ்டேசனுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்."

அருந்ததி குழறப்போகிறாள் என்று நினைத்து அவள் பக்கம் திரும்பினேன். அவள் குழறவில்லை.

"சேட்டைக் கழட்டிப் பாத்திருப்பினமோ?" என்று கேட்டாள்.

"என்ன?"

"சேட்டு. கழட்டிப் பாத்திருப்பினமோ?"

நிலாம் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். உடுப்புத் தோய்க்க வருகிற மயிலம்மா மட்டக்குளிக்காரி. தன்னுடைய பக்கத்து வீட்டுச் சங்கிலி என்கிறவர் மந்திரித்துக் கட்டிக் கொடுத்தால் ஒரு தீங்கும் கிட்ட வராது என்று சொல்லியிருக்கிறாள். நான் கூடப் போகாத ஒரு வியாழக்கிழமை அருந்ததி கொட்டாஞ்சேனைக்கு உபவாச ஜெபத்துக்கு என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டு, அங்கே இறங்காமல் அதே பஸ்ஸில் மட்டக்குளிக்குப் போயிருக்கிறாள். அச்சரக்கூடு என்கிற செப்புத் தாயத்து ஒன்று, உள்ளே தகடு, வாய்க்கு மெழுகு. கழுத்தில் கட்டினால் ஆமிக்காரன் இயக்கக்காரருடைய சயனைட் குப்பியென்று நினைத்துவிடுவான் என்பதால், கறுத்த நூலில் கோத்துப் பெடியனுடைய புயத்தில், சேட்டுக் கைக்கு உள்ளே தெரியாதபடி கட்டியிருக்கிறாள். அவ்வளவுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது.

"என்ர தாலியைக் கழட்டி வச்சிட்டு, பெடியனுக்கு நூல் கட்டினனீரோ?"

பெடியன் பொலிஸில் இருக்கும்போது கேட்கிற கேள்வியில்லை அது. ஆனாலும் கேட்டுவிட்டேன். இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த கோபம் அந்த நேரம் பார்த்து வெளியே வந்தது.

"பயத்திலயப்பா. கண்டம் எண்டு சொன்னது."

"கர்த்தர் இருக்கிறார் எண்டு நாள் முழுக்கச் சொல்லுறனீரெல்லே?"

"ஓம், இருக்கிறார்தான். செக் பொயின்ற்றும் இருக்குதெல்லே."

கீழே போய்ப் பாஸ்டருக்கு டெலிபோன் எடுத்தேன். அரை வார்த்தையிலேயே "நான் வாரேன்" என்றார். ஓட்டோவில் வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போவதாகத் திட்டம்.

"அவர் வாய் திறக்க முதல் நூல் விசயத்தைச் சொல்லிப்போடும்" என்றேன்.

"சொன்னா வரமாட்டார்."

"சொல்லாட்டி அங்க மாட்டுப்படுவார்."

"ஒருவேளை நூலைக் காணேல்லையோ தெரியாது. ஆண்டவரே, அவையின்ர கண்ணை மறைச்சுப்போடும்" என்றாள். எந்தக் காவலைப் பொலிஸுக்குத் தெரியாமல் மறைக்கும்படி எந்தக் காவலிடம் கேட்கிறாள் என்று எனக்கு வாய்வரை வந்தது. ஓட்டோ வந்துவிட்டது.

வழி முழுக்கப் பாஸ்டர்தான் பேசினார். பயப்படாதீங்க சிஸ்டர், கடிதம் இருக்கு, நான் நேரில சொல்றேன், பொடியனக் கையோட கூட்டிட்டு வருவம் என்றார். அருந்ததி ஒவ்வொன்றுக்கும் ஓம் பாஸ்டர், ஓம் பாஸ்டர் என்றாள். அவளுடைய முழங்கால் என் முழங்காலோடு இடித்துக்கொண்டேயிருந்தது. ஓட்டோ குலுங்குவதால் என்று பாஸ்டர் நினைத்திருப்பார். அது சிக்னலில் நின்றபோதும் இடித்தது.

ஸ்டேசனில் அதிகாரி எங்களை மேசைக்கு முன்னால் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, களைத்த முகம். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. குகதாசன் வெற்றுமேலோடு நிலத்தில் இருந்தான். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேசையில் அவனுடைய அடையாள அட்டை, பாஸ்டருடைய கடிதம், பக்கத்தில் விரித்த ஒரு பத்திரிகைத் தாள் இருந்தது. அடியில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அருந்ததி என் கையைப் பிடித்தாள்.

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ரெயில்வேயில் பாதிக் காலம் மாத்தறைப் பக்கம்தான் இருந்தேன். நான் வாயெடுத்தவுடன் அதிகாரி கையைக் காட்டினார். நீங்கள் தகப்பன், நீங்கள் எதையும் சொல்வீர்கள், பாதிரியார் பேசட்டும் என்றார்.

"இந்தக் கடிதம் நீங்கள் எழுதியதா?"

"ஓம் சேர்."

"பையன் உங்கள் ஆளா?"

"எங்கள் சபை ஆள். நல்லாய்த் தெரியும்."

"உங்கள் ஆட்கள் சுரய கட்டுவார்களா?" சுரய என்றால் அவர்களுடைய பாஷையில் இந்த அச்சரக்கூடுதான்.

பாஸ்டருக்கு உற்சாகமே வந்துவிட்டது. "ஒருக்காலும் இல்லை சேர். எங்கள் சபையில் அது பெரிய பாவம். நூல், மந்திரம் ஒன்றும் எங்கள் பிள்ளைகளிடம் இருக்காது" என்றார். பிரசங்கத்தில் சொல்கிற அதே குரல்.

அதிகாரி பத்திரிகைத் தாளை எடுத்தார். நூல் அறுத்துக் கிடந்தது. உள்ளே விஷமோ என்று பார்க்க மெழுகைக் குத்தி உடைத்து, தகட்டை இழுத்து விரித்திருந்தார்கள். கட்டம் கட்டமாகக் கீறி, எழுத்தும் புள்ளியுமாக இருந்தது.

"மேக மொகக்த?" என்றார். அப்ப இது என்ன?

பாஸ்டர் தகட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அதிகாரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். கடிதம் உண்மையென்றால் இது அவனுடையதாக இருக்க முடியாது என்றார். அப்படியென்றால் யார் கொடுத்தது, ஏன் சட்டைக்குள் ஒளித்தான், இந்தக் கட்டத்திலும் புள்ளியிலும் என்ன செய்தி இருக்கிறது? இது அவனுடையதென்றால் கடிதம் பொய். பொய்க் கடிதம் வைத்திருக்கிறவன் யார்? கட்டினது யார் என்று காலையிலிருந்து கேட்கிறேன், வாயே திறக்கிறானில்லை. பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்பப்போகிறேன். இரண்டில் எது பொய் என்று நீங்களே சொல்லுங்கள், பாதிரியார்.

மேலிடம் என்றால் எங்களுக்குத் தெரியும். அங்கே போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மார் வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பெடியன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் விளங்கியது. தாயைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், மட்டக்குளிக்கும் போவார்கள் என்று வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தாயோ பாஸ்டருக்குப் பயந்து அடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

அவள் என் கையை விட்டாள்.

"நான்தான் கட்டினனான்" என்றாள் தமிழில். "பாஸ்டருக்குத் தெரியாது. அவருக்கு ஒளிச்சுத்தான் கட்டினனான். பிள்ளை வேண்டாம் வேண்டாம் எண்டவன். அந்தக் கடிதமும் உண்மை, இந்த நூலும் உண்மை. நான்தான் பொய்."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று பாஸ்டரைக் கேட்டார். தன்னை ஏமாற்றினவள் தனக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டதை பாஸ்டரே இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"என்னத்துக்குச் செஞ்சீங்கண்டு கேக்குறார் சிஸ்டர்."

"பயம் பாஸ்டர். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை."

பாஸ்டர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். பயந்துபோனாவாம், ஒரே பிள்ளையாம் என்று சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மட்ட பயயி. மட்ட இன்னே எக்க தருவய்" என்றார். எனக்குப் பயம், எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. அப்படித் தன்னுடைய வாயால், தான் சொல்கிற மாதிரியே சொன்னார். அந்தப் பருத்த குரல் எங்கே போனதோ தெரியாது.

அதிகாரி தன்னுடைய சட்டைக் கையை மேலே இழுத்தார். மணிக்கட்டில், பிக்குமார் ஓதிக் கட்டுகிற பிரித் நூல், அழுக்கேறிக் கிடந்தது. என்னை வவுனியாவுக்கு மாற்றிப் போட்டபோது என் அம்மா பன்சலையில், புத்த கோயிலில், கட்டிவிட்டது, நான் இங்கே வந்த பிறகும் அவிழ்க்க விடமாட்டேன் என்கிறா என்றார். "அம்மலா எஹெம தமய்" என்றார். தாய்மார் அப்படித்தான்.

பெடியனை விட்டுவிட்டார்கள். சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அருந்ததி தடவப் போனாள், விலகிக்கொண்டான். அதிகாரி தகட்டைச் சுருட்டிக் கூட்டுக்குள் போட்டு நூலோடு அவளுடைய கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் இந்த வழியால்தானே போவான்? கட்டி அனுப்புங்கள். சுரய கட்டின பையன் என்று என்னுடைய ஆட்களுக்குச் சொல்லி வைக்கிறேன்."

வெளியே வந்து பஸ் ஹோல்ட்டில் நின்றோம். அருந்ததிதான் தொடங்கினாள்.

"பாஸ்டர், என்னைச் சபையால தள்ளுவியளோ?"

அவர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "சிஸ்டர், என்ட மகன நான் போன வருசம் கனடாக்கு அனுப்பிட்டேன். வீட்ட வித்து அனுப்பினேன். அதுக்குப் பொறகுதான் இந்தப் பிரசங்கத்த இவ்வளவு சத்தமாப் பண்ணத் தொடங்கினேன்" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. "பிரசங்கம் பொய்யில்ல. அத ஒரு செலவும் இல்லாம சொல்லிட்டிருந்தேன், அவ்வளவுதான். கையில இருக்கிறத என்ன செய்றதெண்டு நான் சொல்லமாட்டேன். ஒங்களுக்கே தெரியும்."

அந்த மனிதரில் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

வெள்ளவத்தையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அருந்ததி ஒழுங்கையால் நேரே கீழே இறங்கினாள். நாங்களும் பின்னால் போனோம். தண்டவாளத்தைக் கடந்தால் கருங்கல், அதற்கு அப்பால் கடல். எனக்கு அந்தத் தகட்டில் ஒரு சதத்துக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் அந்த அதிகாரியில் நம்பிக்கை இருந்தது. நேற்றுவரை அது வெறும் செம்பு, இன்றைக்கு அந்தச் சாவடியில் அது பாஸ்.

"இஞ்சரும், விசர் வேலை பாக்காதையும்" என்றேன். "சாமிக்காகக் கட்ட வேண்டாம். செக் பொயின்ற்றுக்காகக் கட்டிவிடும். உம்மட கர்த்தருக்கு அது விளங்கும்."

"அம்மா, நீங்களே சொல்லுங்கோ" என்றான் குகதாசன். "கட்டச் சொன்னா கட்டுறன்."

அவள் கையை விரித்து அதைப் பார்த்தாள்.

"இதைக் கட்டின நாளில இருந்து எனக்கு நித்திரையில்லை தம்பி. சபையில முழந்தாளில நிண்டா இந்த நூல் ஞாபகம் வருது. நூலை நினைச்சு ஆறுவம் எண்டா ஆண்டவர் பாத்துக்கொண்டு நிக்கிறார். ரெண்டு காவல் வச்சன். ரெண்டிட்டயும் ஒளிச்சு ஒளிச்சுத் திரிஞ்சன். எனக்கு ஏலாது."

எறிந்தாள். அது கடலுக்குப் போகவில்லை. எறிந்து பழகாத கை, இந்தப் பக்கத்துக் கல்லிடுக்கில் விழுந்தது. எனக்கு, சொன்னால் என்ன, சந்தோஷமாக இருந்தது. மெல்லப் பிறகு வந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அவளுக்கு என்னைத் தெரியாதா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லுக்குக் கல் பிடித்து இறங்கி, இடுக்குக்குள் கையை விட்டு எடுத்து, இந்த முறை நுரைக்குக் கிட்டவே போய் நின்று எறிந்தாள். ஏறி வரும்போது முழங்கை உரசி இரத்தம் வந்திருந்தது.

மறுநாள் காலையில் குகதாசன் வெளிக்கிட்டு நின்றான். அவளே கிட்டப் போய் அவனுடைய சேட்டுக் கை இரண்டையும் புயம்வரை மடித்துவிட்டாள். அங்கே ஒன்றுமில்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரியட்டும். நூல் இறுக்கியிருந்த இடத்தில் மட்டும் ஒரு வெளிறிய கோடு. அதை விரலால் ஒருமுறை தடவினாள். "போட்டு வா ராசா" என்றாள்.

அவன் படியிறங்கிப் போனதும் முழந்தாளிட்டாள். நான் பேப்பரை விரித்தேன். ஒரு வரியும் மூளையில் ஏறவில்லை. அந்தச் சாவடியில் இன்றைக்கு யார் நிற்கிறானோ, சுரய கட்டின பையன் எங்கே என்று கேட்டால் பெடியன் என்ன சொல்வானோ என்றே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் சொல்வதற்கு இப்போது அவளுக்கு ஒரே ஒருவர்தான். சத்தமாகவே அழுது சொன்னாள். நான் பேப்பரை வைத்துவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். முழந்தாளிடவில்லை. அவ்வளவு எனக்கு வராது.

"ஐயா! டெலிபோன்!" என்று கீழே நிலாம் கத்தினான்.

நான் அசையவில்லை. அவள்தான் எழும்பிப் போனாள். படியில் அவள் திரும்பி ஏறி வருகிற சத்தம் கேட்கும்வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

"அச்சகத்துக்குப் போய்ச் சேந்திட்டானாம்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரையில் பொத்தென்று இருந்தேன். "தேத்தண்ணி ஒண்டு போடுமன்" என்றேன்.

"பொறுங்கோப்பா" என்றாள். "பின்னேரம் திரும்பி வரவேணுமெல்லே."

மறுபடியும் முழந்தாளிட்டாள்.